கார் ஏற்றிய ரெயிலரை உங்கள் வாகனம் இழுக்குமா: கொழுவ முன்னம் போட வேண்டிய கணக்கு

வலிகாமத்து ஒழுங்கைகளில் வெங்காயம் ஏற்றிப் போகும் லாண்ட்மாஸ்டரையும், நெல் மூட்டையோடு வரும் உழவு இயந்திரப் பெட்டியையும் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, ஒன்றின் பின்னால் இன்னொன்றைக் கொழுவி இழுப்பது புதிய வேலையாகத் தெரியாது. அந்தப் பழக்கம்தான் கார் ரெயிலர் விஷயத்தில் பிழையான துணிவைத் தருகிறது. உழவு இயந்திரம் மெல்ல ஊர்ந்து போகும். பிக்கப் ஏ9 வீதியில் 60, 70 கிலோமீற்றர் வேகத்தில் போகும். அதோடு எங்கள் யாழ்ப்பாணக் குடாநாடு தட்டையான நிலம். ஏற்றமே இல்லாத வீதியில் ஒரு சின்ன வான்கூட இரண்டு தொன்னை அசைத்து இழுத்துக்கொண்டு போய்விடும், எஞ்சின் முனகாது. "இழுக்குதுதானே, பிறகென்ன?" என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. இழுப்பதில் பிரச்சினை வருவது குறைவு. நிறுத்தும்போதும், காற்றடிக்கும்போதும், பின்னால் வந்த பஸ் விலத்திப் போகும்போதும்தான் பிரச்சினை வரும்.

காரை ஏன் ரெயிலரில் ஏற்ற வேண்டும், கயிறு கட்டி இழுத்தால் காணாதா என்று கேட்பவர்கள் உண்டு. பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் போன்றவற்றுக்கு அது ஓரளவு சரிவரும். இன்று வீடுகளில் நிற்கும் ஹைபிரிட் ஆக்சியோ, அக்குவா, பிரியஸ் போன்றவற்றுக்குச் சரிவராது. அவற்றின் முன் சில்லுகள் நிலத்தில் உருண்டால் உள்ளிருக்கும் மோட்டாரும் சேர்ந்து சுழன்று மின்சாரத்தைப் பிறப்பிக்கும். பழுது அங்கே பெருகும். முன் சில்லுகள் நிலத்தில் படாமல் தூக்கவேண்டும், அல்லது நாலு சில்லையும் ஏற்றவேண்டும்.

முதலில் இலக்கங்களைத் தேடி எடுங்கள்

ஒரு தாளும் பேனையும் எடுத்துக்கொண்டு இழுக்கப்போகும் வாகனத்தடிக்குப் போங்கள். சாரதிக் கதவைத் திறந்தால் தூணிலோ, அல்லது பொனற்றுக்குள்ளோ ஒரு தகடு இருக்கும். அதிலும் கைநூலிலுமாக ஐந்து இலக்கங்கள் வேண்டும்.

வெறுமை நிறை: ஆளும் பொருளும் இல்லாத நிறை. பதிவுச் சான்றிதழிலும் இருக்கும். மொத்த நிறை வரம்பு: ஆட்கள், பொருட்கள், ரெயிலர் குண்டில் (வாகனத்தின் பின்னால் ரெயிலரைக் கொழுவும் இரும்பு உருண்டை) அழுத்தும் பாரம் எல்லாம் சேர்ந்து அந்த வாகனம் தாங்கக்கூடியது; ஜி.வி.எம். என்று எழுதியிருக்கும். கூட்டு நிறை வரம்பு, அதாவது ஜி.சி.எம்.: வாகனமும் ரெயிலரும் சேர்த்து. இழுவை வரம்பு: பிறேக் உள்ள ரெயிலருக்கு ஒன்று, பிறேக் இல்லாததற்கு ஒன்று என இரண்டு இருக்கும். கடைசி, குண்டின் மேல் எவ்வளவு பாரம் அழுத்தலாம் என்பது. இது வாகனத்துக்கு ஒன்றாகவும் ரோ பாருக்கு (குண்டைத் தாங்கும் இழுவைச் சட்டம்) ஒன்றாகவும் இருக்கலாம், குறைந்ததையே எடுங்கள்.

ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் வாகனங்கள் பலவற்றின் கைநூல் ஜப்பானிய மொழியில்தான் இருக்கும். அதை வாசிப்பித்துப் பாருங்கள். இழுவை வரம்பு எங்குமே சொல்லப்படவில்லை என்றால், அந்த வாகனத்தின் இழுவை வரம்பு பூச்சியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "இதே மாதிரி வாகனம் வெளிநாட்டில் இழுக்கிறது" என்பது காரணமாகாது. ஒரே பெயரில் வரும் வாகனங்களுக்கே எஞ்சின், கியர்பெட்டி, சில்லுகளின் இடைத்தூரம் எல்லாம் நாட்டுக்கு நாடு வேறுபடும், வரம்பும் அதோடு மாறும்.

அடுத்தது ஏற்றப்போகும் கார். ஒல்ரோ 800 ஏறக்குறைய 700 கிலோ. மொறிஸ் மைனர் 780 கிலோவை ஒட்டி. ஹைபிரிட் ஆக்சியோ 1,140. மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் 1,350ஐ ஒட்டி. ஹையேஸ் வான்கள் பல 1,800 தாண்டும். காருக்குள் கிடக்கும் சாமான்களை மறக்கவேண்டாம். டிக்கியில் இரண்டு பற்றறியும் ஒரு கியர்பெட்டியும் கிடந்தால் அதுவே 100 கிலோ.

கடைசியாக ரெயிலர். இரண்டு அச்சுள்ள கார் ரெயிலர் வெறுமையாகவே 600 முதல் 900 கிலோ வரை வரும். உள்ளூரில் வெல்டிங்கால் ஒட்டிச் செய்தவற்றில் தடித்த இரும்பு போட்டிருப்பார்கள், இன்னும் கூடும். செய்தவர் சொன்ன நிறையை நம்பவேண்டாம்; லொறி நிறுக்கும் வேபிரிட்ஜ் ஒன்றில் ஏற்றுங்கள். சில நிமிட வேலை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

உதாரணத்துக்கு ஒரு பிக்கப்: வெறுமை நிறை 1,900, மொத்த நிறை வரம்பு 2,800, கூட்டு நிறை வரம்பு 4,800, பிறேக் உள்ள ரெயிலருக்கு 2,500, பிறேக் இல்லாததற்கு 750, குண்டுப் பாரம் 200 கிலோ. இவை விளக்கத்துக்கு எடுத்த இலக்கங்கள். உங்களுடையதை உங்கள் தகட்டிலிருந்து எடுங்கள்.

ரெயிலர் 700, ஆக்சியோ 1,140, உதிரிச் சில்லு, பட்டிகள், வின்ச் எல்லாம் 40. மொத்தம் 1,880. பிறேக் இருந்தால் 2,500க்குள் நிற்கிறது. பிறேக் இல்லாவிட்டால் 750ஐத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. வெறும் ரெயிலரே 700 என்றால், பிறேக் இல்லாமல் அதன்மேல் எந்தக் காரையும் ஏற்ற இடமில்லை. ஐரோப்பிய விதியும் இதையே சொல்கிறது: பிறேக் இல்லாத ரெயிலர் 750 கிலோவையும் மீறக்கூடாது, இழுக்கும் வாகனத்தின் நிறையில் பாதியையும் மீறக்கூடாது.

குண்டில் பத்தில் ஒரு பங்கு அழுத்துகிறது என்றால் 188 கிலோ. வாகனம் 1,900, இரண்டு பேர் 150, கருவிகள் 100, குண்டில் 188: மொத்தம் 2,338. 2,800க்குள் இருக்கிறது. கூட்டு நிறை: 1,900, 250, 1,880 சேர்ந்தால் 4,030. அதுவும் 4,800க்குள். இந்தப் பயணம் போகலாம்.

இப்போது அதே ரெயிலரில் 1,900 கிலோ ஹையேஸை ஏற்றினால்? 2,640. இழுவை வரம்பு உடைந்துவிட்டது, போகக்கூடாது. "140 கிலோதானே கூட" என்று பேரம் பேச இது சந்தையல்ல.

இன்னொரு பொறியும் இருக்கிறது. பிக்கப்பின் தட்டில் சீமெந்துப் பைகளை அடுக்கி 2,800 வரை நிரப்பிவிட்டு, "ரெயிலர் 2,500 வரை போகும்" என்று சொன்னால் கூட்டு நிறை 5,300 ஆகிறது. வரம்பு 4,800. கூட்டு நிறைக் கணக்கில் மட்டும் பார்த்தாலே 2,000க்கு மேல் இழுக்க முடியாது, குண்டில் அழுத்தும் பாரத்துக்கோ மொத்த நிறை வரம்பில் இடமே மிஞ்சவில்லை. ஒவ்வொரு வரம்பும் தனித்தனியே பொருந்தவேண்டும். ஒன்று தவறினாலும் பயணம் இல்லை.

முன்பாரமும் பின்பாரமும்

வண்டில் ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பின்பாரமாக ஏற்றினால் நுகம் மேலே எழும்பி மாட்டின் கழுத்துப் பட்டியை இறுக்கும். முன்பாரம் கூடினால் கழுத்து அமுங்கும். கார் ரெயிலரும் அப்படியேதான், மாட்டுக்குப் பதில் பிக்கப்.

முன்பாரம், அதாவது ரெயிலரின் மூக்கு குண்டில் அழுத்தும் பாரம், மொத்த ரெயிலர் நிறையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி இருக்கட்டும், குண்டின் வரம்பை மீறாமல். அது குறைந்து போனால் ரெயிலரின் வால் ஆடத் தொடங்கும். 50இல் ஒன்றும் தெரியாது. 70இல் ஒரு பள்ளமோ ஒரு காற்றோ தொட்டவுடன் இடமும் வலமுமாக வீசும், ஒவ்வொரு வீச்சும் முந்தியதைவிடப் பெரிதாகும். முன்பாரம் கூடினால் வேறு வினை. பின் அச்சுக்கு 1.25 மீற்றர் பின்னால் குண்டு இருக்கிறது, முன் பின் அச்சுகளின் இடைத்தூரம் 3 மீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குண்டில் அழுத்தும் 188 கிலோ பின் அச்சில் 266 கிலோவாக ஏறுகிறது, முன் அச்சிலிருந்து 78 கிலோவைத் தூக்கிவிடுகிறது. துலா மாதிரித்தான். முன் சில்லு லேசானால் ஸ்ரியறிங் பிடி இல்லாமல் போகும், ஈர வீதியில் முன் பிறேக் வழுக்கும், எதிரே வருபவரின் கண்ணில் உங்கள் லைற் அடிக்கும்.

முன்பாரத்தை நிறுக்கக் குளியலறைத் தராசு காணும். அது 150 கிலோவுக்கு மேல் காட்டாது என்பதால் ஒரு துலாவைப் பயன்படுத்துங்கள். நல்ல உறுதியான பனஞ்சலாகை ஒன்று எடுங்கள். ஒரு முனைக்குக் கீழே கல்லை வைத்து அதன்மேல் ஒரு துண்டு இரும்புக் குழாய். அங்கிருந்து சரியாக 90 சென்ரிமீற்றரில் தராசு, அதன்மேலும் ஒரு குழாய். சலாகையின் பாரத்தைத் தராசு காட்டும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இனி, கல்லிலிருந்து 30 சென்ரிமீற்றரில் ரெயிலரின் கப்ளிங்கை (குண்டின்மேல் கவிழ்ந்து பூட்டும் மூக்கு முனை) இறக்குங்கள். தராசு காட்டுவதிலிருந்து சலாகையின் பாரத்தைக் கழித்து மூன்றால் பெருக்கினால் முன்பாரம் வரும். 63 காட்டினால் 189. நிலம் மட்டமாகவும், கப்ளிங் கொழுவும்போது இருக்கும் உயரத்திலும் இருக்கவேண்டும். மூக்கு ஒரு சாண் உயர்ந்திருந்தாலே இலக்கம் பொய் சொல்லும். ரெயிலர் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கப்ளிங்குக்குக் கீழே காலையோ கையையோ நீட்டவேண்டாம்.

இலக்கம் பிழைத்தால் காரை நகர்த்துங்கள். எவ்வளவு நகர்த்துவது என்பதையும் முன்கூட்டியே அறியலாம்: காரின் நிறையை நகர்த்தும் தூரத்தால் பெருக்கி, கப்ளிங்கிலிருந்து ரெயிலர் அச்சுகளின் நடு வரையான தூரத்தால் வகுக்கவேண்டும். ஆக்சியோவை 10 சென்ரிமீற்றர் முன்னே தள்ளினால், கப்ளிங்கிலிருந்து அச்சு நடு 4 மீற்றர் என்றால், முன்பாரம் 28 கிலோவுக்கு மேல் கூடும். அரைச் சாண் தூரம் எவ்வளவு பெரிய விஷயம் என்று இதில் தெரியும். சரியான இடம் கிடைத்ததும் ரெயிலர் பலகையில் முன் சில்லு நிற்கும் இடத்தைப் பெயின்றால் குறித்துவிடுங்கள். அடுத்த முறை அதே கார் என்றால் அளக்கத் தேவையில்லை. எஞ்சின் முன்னால் உள்ள காரை முகம் முன்னே பார்க்க ஏற்றுவதே வழமை. பின்பக்கமாக ஏற்றினால் பாரம் வாலுக்குப் போய்விடும்.

கொழுக்கி

ஊரில் அடிக்கடி காணும் பிழை இது: பம்பரில் ஒரு தகட்டை ஒட்டி, அதில் உழவு இயந்திரப் பெட்டிக்குப் போடும் ஆணி மாதிரிக் கொழுக்கி. ஆணிக்கும் துளைக்கும் இடையில் உள்ள தளர்வு, உழவு இயந்திர வேகத்தில் சத்தத்தோடு முடிந்துவிடும். பிக்கப்பின் வேகத்தில் அது ஒவ்வொரு பிறேக்குக்கும் ஒரு சுத்தியல் அடி. ஒட்டு வெடிக்கும். பம்பர் பாரம் இழுக்கச் செய்யப்பட்டதல்ல.

ரோ பார் சசியின் (வாகனத்தின் அடிச்சட்டம்) இரண்டு பக்க நெடுஞ்சட்டங்களிலும் போல்ட்டால் பூட்டப்பட்டிருக்கவேண்டும். போல்ட் தலையில் 8.8 என்றோ அதற்கு மேலோ பொறித்திருக்கும். இலக்கமே இல்லாத போல்ட்டைக் கழற்றி எறியுங்கள். சசியில் குறுக்காக ஒட்டு வைத்திருந்தால் அந்த ஒட்டின் ஓரத்தில் மயிர் மாதிரி வெடிப்பு ஓடுகிறதா என்று தூரிகையால் துருவைத் தட்டிப் பாருங்கள்.

குண்டின் அளவும் கப்ளிங்கின் அளவும் ஒன்றாக இருக்கவேண்டும். 50 மில்லிமீற்றரும், இரண்டு அங்குலமான 50.8உம் பார்வைக்கு ஒன்றுதான். ஒன்றே முக்கால் அரைக்கால் அங்குலக் குண்டு 47.6 மில்லிமீற்றர், அது 50 கப்ளிங்குக்குள் போய்ப் பூட்டியும் விடும், முதலாவது பெரிய குலுக்கலில் கழன்றும் வரும். குண்டின் உச்சியில் அளவு பொறித்திருக்கும், வாசியுங்கள். பூட்டியபின் ஒரு சோதனை: ரெயிலரின் முன் ஜக்கைச் சுற்றி மூக்கைத் தூக்குங்கள். வாகனத்தின் பின்பகுதியும் சேர்ந்து எழும்பினால் பூட்டு பிடித்திருக்கிறது. கப்ளிங் மட்டும் எழும்பினால் பூட்டவில்லை.

பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கப்ளிங்குக்குக் கீழே ஒன்றையொன்று குறுக்காகப் போடுங்கள். குண்டு கழன்றால் மூக்கு அந்தத் தொட்டிலில் விழும், வீதியைக் குத்தாது. திரும்பும்போது இழுபடாத அளவு நீளம், நிலத்தில் உரசாத அளவு கட்டை.

பிறேக், ரயர், லைற்

இங்கே கிடைக்கும் ரெயிலர்களில் பொறிமுறைப் பிறேக் என்றால் பெரும்பாலும் தள்ளு பிறேக்தான்: நீங்கள் பிறேக் பிடித்தவுடன் ரெயிலர் முன்னே தள்ள, கப்ளிங்கின் தண்டு உள்ளே போய்க் கம்பியை இழுத்துச் சில்லைப் பிடிக்கும். அந்தத் தண்டு துருவேறி இறுகினால் பிறேக்கே இல்லை. உள்ளிருக்கும் அதிர்வுத் தாங்கி செத்துப்போனால் நிறுத்தும்போதெல்லாம் "டங்" என்று பின்னாலிருந்து அடிக்கும். ரெயிலரின் கைப்பிறேக்கை இழுத்துவிட்டு வாகனத்தை மெல்ல முன்னே எடுங்கள். ரெயிலர் சில்லுகள் உருளாமல் வாகனத்தைப் பிடித்து வைத்திருக்கவேண்டும். பிறகு ஆளில்லாத வீதியில் 25இல் போய் இறுக்கிப் பிடித்துப் பாருங்கள், நேராக நிற்கிறதா, பின்னாலிருந்து தள்ளுகிறதா என்று.

மின்பிறேக் என்றால் வாகனத்துக்குள் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று வேண்டும். அது இல்லாத வாகனத்தில் கொழுவினால் அந்த ரெயிலர் பிறேக் இல்லாத ரெயிலர்தான்.

ரயர்: பக்கச் சுவரில் உள்ள பாரக் குறியீட்டைப் பாருங்கள். 91 என்றால் ஒரு ரயர் 615 கிலோ, 102 என்றால் 850. நாலு ரயர் 102 என்றால் 3,400, அச்சும் அதைத் தாங்கினால். காரில் கழற்றிய பழைய ரயரைப் போட்ட ரெயிலர்களை எண்ணிப் பார்த்தால் மனம் பதைக்கும். பட்டன் தேயாமலே இருக்கும், ஆனால் வெயிலில் நின்று நின்று பக்கச்சுவர் வெடித்திருக்கும். டொட் என்ற எழுத்துகளுக்குப் பின் கடைசி நாலு இலக்கம் வயதைச் சொல்லும்: 3518 என்றால் 2018ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். காற்று முக்கியம், காற்றுக் குறைந்த ரயர் சூடேறித்தான் வெடிக்கிறது.

லைற்றில் தொல்லை பெரும்பாலும் எர்த் வயர்தான். பிறேக் மிதித்தால் எல்லா லைற்றும் மங்குகிறது, சிக்னல் போட்டால் வேறொன்று மினுங்குகிறது என்றால் பல்ப்பை மாற்றி நேரத்தைக் கழிக்கவேண்டாம். ஏழு முனைப் பிளக்கில் மூன்றாம் முனை, வழமையாக வெள்ளை வயர், அதுதான் எர்த். உப்புக்காற்றில் பச்சை பிடித்திருக்கும். சுரண்டித் துடைத்துப் பூட்டுங்கள்.

காரைக் கட்டுதல்

நாலு சில்லுக்கும் நாலு பட்டி, ஒவ்வொன்றும் தனித்தனி ரச்செற்றோடு (பட்டியை இறுக்கும் பற்சக்கரப் பூட்டு). வள்ளத்துக்குப் போடும் நைலோன் கயிறு எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் வேண்டாம். அது இழுபட்டு நீளும், நீண்டபின் கார் முன்னும் பின்னும் ஓடும். பட்டியில் தைத்த துண்டில் பாதுகாப்பான பார அளவு இருக்கும். அறுபடும் பாரத்தைப் பார்த்து ஏமாறவேண்டாம். ஸ்ரியறிங் தண்டுகளிலோ பிறேக் குழாய்க்கு அருகிலோ கொழுக்கி மாட்டாதீர்கள். சில்லின் மேலால் போகும் பட்டியே புதியவர்களுக்கு நல்லது. காரைக் கியரிலோ பார்க்கிங்கிலோ விட்டு, கைப்பிறேக்கை இழுங்கள். 10 கிலோமீற்றர் போனதும் நிறுத்தி, பட்டிகளைத் திரும்ப இறுக்குங்கள், எப்படியும் தளர்ந்திருக்கும்.

வீதியில்

50இலிருந்து 70க்கு ஏற்றினால் பிறேக் விழுங்கவேண்டிய சக்தி ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. 60க்கு மேல் போகத் தேவையில்லை. பண்ணைப் பாலத்திலும், ஆனையிறவிலும், சங்குப்பிட்டியிலும் இரு பக்கமும் மறைப்பே இல்லை. சோளகம் வீசும் மாதங்களில் பக்கக்காற்று ரெயிலரைத் தள்ளும், அங்கே 40 காணும். இரவு பஸ்கள் ஏ9இல் விலத்தும்போது முதலில் வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். ஸ்ரியறிங்கை உறுதியாகப் பிடித்து, அக்சிலேற்றரைக் கொஞ்சம் விடுங்கள். கட்டாக்காலி மாடுகள் வீதியில் படுத்திருக்கும் இரவு நேரத்தைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். இந்தப் பாரத்தோடு சட்டென்று நிறுத்தவோ வெட்டித் திருப்பவோ ஏலாது.

வால் ஆடத் தொடங்கினால்: அக்சிலேற்றரிலிருந்து காலை எடுங்கள், ஸ்ரியறிங்கை நேராகப் பிடியுங்கள், பிறேக்கை மிதிக்காதீர்கள், எதிர்ப்பக்கம் திருப்பித் திருத்தப் பார்க்காதீர்கள். வேகம் குறைய ஆட்டம் அடங்கும். மின்பிறேக் இருந்தால் ரெயிலர் பிறேக்கை மட்டும் கையால் மெல்லப் பிடிக்கலாம். அடங்கியதும் அப்படியே தொடர்ந்து போகாமல் ஓரம் கட்டி, முன்பாரத்தையும் ரயர் காற்றையும் பாருங்கள்.

கொழும்புப் பக்கம் போகிறவர்கள் முறிகண்டியில் எப்படியும் இறங்குவீர்கள். கற்பூரம் கொளுத்தியபின் ரெயிலரைச் சுற்றி ஒரு வலம் வாருங்கள். நாலு சில்லின் நடுவிலும் புறங்கையை மெல்லக் கிட்டே கொண்டுபோங்கள். இளஞ்சூடு இயல்பு. கையை மூன்று செக்கன் வைத்திருக்க முடியாவிட்டால், அல்லது ஒன்று மட்டும் மற்ற மூன்றையும்விடச் சுட்டால், பெயரிங்கில் கிறீஸ் இல்லை, அல்லது பிறேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதோடு ஓடினால் சில்லு கழன்று போகும். சில்லு நட்டுகளையும் அங்கேயே ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

ஒழுங்கைக்குள் திரும்பும்போது ரெயிலர் உட்பக்கத்தை வெட்டும். வழமையைவிட முன்னே போய்த் திரும்புங்கள், இல்லாவிட்டால் மதில் போகும். பின்னுக்கு எடுக்கும்போது ஸ்ரியறிங்கின் அடிப்பகுதியைப் பிடியுங்கள்: கை எந்தப் பக்கம் போகிறதோ ரெயிலரின் வாலும் அந்தப் பக்கம் போகும்.

இறக்கும்போதும் கவனம் வேண்டும். ரெயிலரை வாகனத்திலிருந்து கழற்றிவிட்டுக் காரை இறக்கப் பார்க்காதீர்கள். கார் பின்னே உருண்டதும் பாரமெல்லாம் வாலுக்குப் போய் மூக்கு மேலே பறக்கும், கிட்ட நின்றவரின் தாடையை உடைக்கும். கொழுவியபடியே, ரெயிலரின் பின்மூலை இரண்டுக்கும் கீழே கட்டை முண்டு கொடுத்து, சில்லுகளுக்கு அணை வைத்து, கடைசியாகத்தான் பட்டிகளைத் தளர்த்துங்கள். கடலோர வீதியால் வந்திருந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரால் கழுவி, தள்ளு பிறேக்கின் தண்டுக்கும் பெயரிங்குக்கும் கிறீஸ் அடித்து விடுங்கள்.